பரப்பளவு மயக்கம்: கடல்நீர்த் தொட்டியின் வடிகட்டிக்குள் எதைப் போடுவது?

சென்னை கொளத்தூரின் மீன் கடைகளில் ஃபில்டர் மீடியா அடுக்கியிருக்கும் அலமாரி முன்னால் நின்று பாருங்கள். பொட்டலத்துக்குப் பொட்டலம் ஓர் எண் பெரிய எழுத்தில் இருக்கும்: லிட்டருக்கு இத்தனை சதுர மீட்டர் பரப்பு. ஒன்று இருநூறு என்னும், அடுத்தது எழுநூறு என்னும். எண் ஏற ஏற விலையும் ஏறும். முதன்முதலாகக் கடல்நீர்த் தொட்டி வைக்க வந்தவருக்கு வேறு அளவுகோல் தெரியாது. கையில் இருக்கும் காசுக்கு எந்த எண் பெரிதாகக் கிடைக்கிறதோ அதை வாங்கிக்கொண்டு போகிறார். நானும் பல ஆண்டுகள் அப்படியே வாங்கினேன். பொட்டலத்தில் எழுதாத வேறு சிலவற்றைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும் என்பது எனக்குப் புரிய மீன்கள் சாக வேண்டியிருந்தது.

மீடியா எதற்கு என்பதிலிருந்து தொடங்குவோம். மீன் தின்னும் புரதத்திலுள்ள நைட்ரஜனில் பெரும்பகுதி செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியேறுகிறது. கடலில் அது கலந்து மறைந்துவிடும். முந்நூறு லிட்டர் கண்ணாடிப் பெட்டியில் அதற்குப் போக்கிடம் கிடையாது. நன்னீர்த் தொட்டியைவிடக் கடல்நீர்த் தொட்டியில் இதன் கொடுமை அதிகம். பி.எச். ஓர் அலகு உயர்ந்தால் அம்மோனியாவின் நச்சு வடிவம் ஏறத்தாழப் பத்து மடங்காகிறது. நன்னீர்த் தொட்டிகள் பலவும் 7-ஐ ஒட்டி நிற்க, கடல்நீர் 8.1-இலிருந்து 8.3 வரை நிற்கும். அதே மீன், அதே தீனி, ஆனால் விஷம் பல மடங்கு. அடுத்து வரும் நைட்ரைட் விஷயத்தில் மட்டும் கடல்நீர் கொஞ்சம் இரக்கம் காட்டுகிறது. நீரில் நிறைந்திருக்கும் குளோரைடு, செவுளுக்குள் நைட்ரைட் நுழையும் வழியைப் பெரிதும் அடைத்துவிடும்.

அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்களை செர்கேய் வினோகிராட்ஸ்கி 1890 வாக்கில் சூரிச்சில் பிரித்தெடுத்துக் காட்டினார். 1990கள் வரை மீன் வளர்ப்புப் புத்தகங்கள் பெரும்பாலும் இரண்டே பெயர்களைச் சொல்லிவந்தன: நைட்ரோசோமோனாஸ், நைட்ரோபாக்டர். இந்தப் பாடத்தை முதலில் அசைத்தவர்களில் ஒருவர் டிமோதி ஹோவனெக். 1990களின் பிற்பகுதியில் அவரும் உடன் ஆய்வாளர்களும் தொட்டி வடிகட்டிகளின் நுண்ணுயிர்களை மரபணு வழியே தேடியபோது நைட்ரோபாக்டர் கண்ணிலேயே படவில்லை. நன்னீர்த் தொட்டிகளில் நைட்ரைட்டை மாற்றும் வேலையோடு தொடர்புடையதாகத் தென்பட்டது நைட்ரோஸ்பைரா. 2005இல் இன்னும் பெரிய செய்தி வந்தது. அமெரிக்காவின் சியாட்டில் மீன் காட்சியகத்தில் ஒரு வெப்பமண்டலக் கடல்நீர்த் தொட்டியின் சரளையிலிருந்து, அம்மோனியாவைத் தின்று வாழும் ஓர் உயிரியை மார்ட்டின் கோனெகேயும் டேவிட் ஸ்டாலும் அவர்களது குழுவினரும் பிரித்தெடுத்தார்கள். அது பாக்டீரியா கிடையாது. ஆர்க்கியா என்னும் வேறு குலம். நைட்ரோசோப்யூமிலஸ் மரிடிமஸ் என்று பெயர் வைத்தார்கள். மிகமிகக் குறைந்த அம்மோனியாவையும் பிடித்து உண்ண வல்லது என்பது பின்னர் உறுதியானது.

கடல் நுண்ணுயிரியலில் பெரிய திருப்பமாக அமைந்த அந்த உயிரி கிடைத்தது தொட்டியின் அடியில் கிடந்த சாதாரணச் சரளையில். லிட்டருக்கு எழுநூறு சதுர மீட்டர் என்று எழுதிய எதையும் அது தேடிப் போகவில்லை.

இப்போது ஒரு கணக்கு. முந்நூறு லிட்டர் தொட்டி, ஒரு நாளைக்கு 5 கிராம் உலர்தீனி, அதில் 45 விழுக்காடு புரதம். வீட்டுத் தொட்டிக்கு இது தாராளமான தீனி. மீன் பண்ணைகளில் பயன்படுத்தும் எளிய சூத்திரம் உண்டு: தீனியின் எடையைப் புரத விகிதத்தாலும், பிறகு 0.092 என்ற எண்ணாலும் பெருக்கினால், நாளொன்றுக்கு உண்டாகும் அம்மோனியா நைட்ரஜன் கிடைக்கும். நமக்கு வருவது சுமார் 0.2 கிராம். பண்ணை வடிகட்டிகளில் ஒரு சதுர மீட்டர் பரப்பு, வெதுவெதுப்பான நீரில், ஒரு நாளைக்கு 0.2 கிராம் அளவுக்கு மாற்றும் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் பண்ணையில் நீரிலேயே அம்மோனியா தூக்கலாக இருக்கும். வீட்டுத் தொட்டியில் அது அளவிட முடியாத அளவுக்குத் தாழ்ந்திருக்க வேண்டும், அப்போது மாற்றும் வேகமும் தாழும். ஆகவே பத்தில் ஒரு பங்கு வேகம்தான் என்று கொள்வோம். அப்படியும் தேவைப்படுவது 10 சதுர மீட்டர்.

அதே தொட்டியின் அடியில் 20 கிலோ மணல் போட்டிருக்கிறோம் என்று வையுங்கள். ஏறத்தாழ 13 லிட்டர். ஒரு மில்லிமீட்டர் உருண்டை மணலுக்கு லிட்டருக்கு மூன்றரைச் சதுர மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான வெளிப்பரப்பு இருக்கும். துளை, பொந்து எதையும் கணக்கில் சேர்க்கவில்லை, வெறும் உருண்டையின் தோல் மட்டும். மொத்தம் 45 சதுர மீட்டரைத் தாண்டுகிறது. தேவையைப் போல் நான்கு மடங்குக்கும் மேல்! இதோடு பாறை, கண்ணாடிச் சுவர், குழாயின் உட்புறம் எல்லாம் இருக்கின்றன. மணலும் பாறையும் உள்ள தொட்டியில் பரப்பளவுப் பற்றாக்குறை என்பது அரிதிலும் அரிது. மணல் போடாமல், பாறையும் இல்லாமல், கண்ணாடித் தரையோடு மீன்களை மட்டும் வளர்ப்பவருக்கே இந்தக் கேள்வி உண்மையான கேள்வி.

பொட்டலத்து எண்களையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். நுண்துளைப் பொருள்களின் பரப்பை அளக்க, புருனாவர், எம்மெட், டெல்லர் மூவரும் 1938இல் வகுத்த முறை ஒன்று உலகெங்கும் வழக்கில் இருக்கிறது. நைட்ரஜன் வாயுவைப் பொருளின் மேல் படியவிட்டு, எவ்வளவு படிந்தது என்பதிலிருந்து பரப்பைக் கணிப்பார்கள். வினையூக்கிகளுக்கும் கரித்தூளுக்கும் அருமையான முறை. ஆனால் நைட்ரஜன் மூலக்கூறு ஒரு நானோமீட்டரில் பாதிகூட இல்லை. பாக்டீரியா ஆயிரம் நானோமீட்டர் அளவு. சியாட்டில் சரளையில் கிடைத்த அந்த மெல்லிய ஆர்க்கியாகூட இருநூறு நானோமீட்டர் தடிமன். வாயு புகுந்து எண்ணிவிட்டு வந்த துளைகளில் பெரும்பாலானவற்றுக்குள் இவை எட்டிப் பார்க்கவும் முடியாது. எறும்பு நுழையும் ஓட்டைகளை எல்லாம் கூட்டி, இந்த வீட்டில் இத்தனை பேர் தங்கலாம் என்று சொல்வதைப் போன்றது அது. எந்த முறையில் அளந்தது என்று சொல்லாமல் நூற்றுக்கணக்கில் சதுர மீட்டர் பேசும் பொட்டலத்தின் எண்ணை நான் இப்போது படிப்பதே இல்லை.

துளை பெரிதாகவே இருக்கட்டும். நுண்ணுயிர் உள்ளே குடியேறியும் விடட்டும். அதற்குச் சாப்பாடும் மூச்சும் யார் கொண்டுபோய்க் கொடுப்பது? நீர் ஓடாத துளைக்குள் ஆக்சிஜன் தானே ஊடுருவித்தான் போக வேண்டும். நுண்ணுயிர்ப் படலத்துக்குள் அது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் இரு பங்கு ஆழம் போவதற்குள் தீர்ந்துவிடும். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட் ஆக்க 4.57 கிராம் ஆக்சிஜன் செலவாகிறது. நம் தொட்டியின் 0.2 கிராமுக்குச் சுமார் 0.9 கிராம். 25 டிகிரி வெப்பத்தில் கடல்நீர் லிட்டருக்கு ஏழு மில்லிகிராம் ஆக்சிஜனைக்கூடத் தாங்காது. முந்நூறு லிட்டரிலும் சேர்த்து எந்த நேரத்திலும் கரைந்திருப்பது இரண்டு கிராம் அளவுதான். அதில் ஏறக்குறையப் பாதிக்குச் சமமானதை இந்த ஒரு வேலையே நாள்தோறும் கேட்கிறது. மீன்களின் மூச்சு தனி. சென்னையின் மே மாதத்தில் நீரின் வெப்பம் ஏற ஏறக் கரையும் ஆக்சிஜன் இன்னும் குறையும். கூடவே சுமார் 1.4 கிராம் கால்சியம் கார்பனேட்டுக்கு நிகரான காரத்தன்மையும் தினமும் கரைகிறது.

அதனால்தான் ஒரு மீடியாவைப் பார்த்ததும் நான் இப்போது கேட்பது, இதன் ஊடே நீர் ஓடுமா, ஓடும் நீரில் மூச்சு இருக்குமா, அழுக்கு அடைத்துக்கொண்டால் அலச முடியுமா என்பவைதான்.

இந்தக் கேள்விகளோடு பழைய முறைகளைத் திரும்பப் பார்த்தால் சிலவற்றின் மதிப்பு கூடுகிறது. 1986இல் ஜார்ஜ் ஸ்மிட் அமெரிக்க மீன் வளர்ப்பு இதழ் ஒன்றில் எழுதிய தொடர், சொட்டுநீர் வடிகட்டியை வீட்டுத் தொட்டிகளுக்குக் கொண்டுவந்தது. பயோ பால் என்னும் பிளாஸ்டிக் பந்துகள் நிரம்பிய பெட்டியின் மேலிருந்து நீர் சொட்டிச் சொட்டி இறங்கும். பந்துகள் நீரில் மூழ்காமல் காற்றில் நிற்கும். ஒரு லிட்டர் காற்றில் இருக்கும் ஆக்சிஜன், ஒரு லிட்டர் கடல்நீரில் இருப்பதைப் போல் சுமார் நாற்பது மடங்கு. பயோ பாலின் பரப்பு அற்பம். ஆனால் அந்த அற்பப் பரப்பு முழுவதும் நனைந்து, மூச்சு வாங்கி, வேலை செய்யும்.

பிறகு பயோ பாலுக்குக் கெட்ட பெயர் வந்தது. நைட்ரேட் தொழிற்சாலை என்றார்கள். இந்தப் பழி பாதிதான் சரி. பந்து தன்னளவில் ஒரு துளி நைட்ரேட்டைக்கூடக் கூடுதலாக உண்டாக்காது. உள்ளே போன புரதத்துக்கு ஈடானதுதான் வெளியே வரும். ஆனால் அங்கே உண்டாகும் நைட்ரேட் நேரே நீரோடு கலந்துவிடுகிறது. பாறையின் தோலில் உண்டாகும் நைட்ரேட்டின் ஒரு பங்கு, ஒரு விரல்கடை உள்ளே ஆக்சிஜன் இல்லாத பகுதிக்கு ஊர்ந்து, வேறு வகை பாக்டீரியாக்களால் நைட்ரஜன் வாயுவாகிப் போய்விடுகிறது. பவளம் வளர்ப்பவருக்கு இன்னொரு காரணமும் உண்டு. பவளத்துக்குள் வாழும் பாசிகள் அம்மோனியாவை நேரடியாகவே எடுத்துக்கொள்ளும். அவற்றுக்குப் போக வேண்டியதைப் பந்துகள் முந்திக்கொண்டு நைட்ரேட் ஆக்கிவிடுகின்றன. எனவே பவளத் தொட்டிக்குப் பயோ பால் வேண்டாம் என்பேன். நிறைய மீன்கள் மட்டும் உள்ள தொட்டிக்கு, முன்னால் ஒரு ஸ்பாஞ்ச் வைத்து அழுக்கைத் தடுத்துவிட்டால், இன்றைக்கும் அது நல்ல மீடியா. வெகுநாள் ஓடிய தொட்டியிலிருந்து ஒரே நாளில் எல்லாப் பந்துகளையும் எடுத்துவிடுபவர்கள், அவற்றை நம்பி வாழ்ந்த மீன்களை அம்மோனியாவில் தள்ளுகிறார்கள். எடுத்தே ஆக வேண்டுமென்றால் வாரத்துக்குக் கொஞ்சமாக எடுங்கள்.

இப்படி மதிப்பு கூடும் இன்னொரு மீடியா நார்வேயிலிருந்து வந்தது. டிரான்ட்ஹெய்மில் ஹால்வார்ட் ஓடெகார்டின் ஆய்வில் 1980களின் இறுதியில் கழிவுநீருக்காக உருவான கால்ட்னெஸ் என்னும் சின்னச் சக்கர வடிவப் பிளாஸ்டிக். நீரைவிடக் கொஞ்சம் இலேசானது. காற்றுக் குமிழ்களில் புரண்டுகொண்டே இருக்கும். அதன் கே1 வகைக்கு ஒரு லிட்டரில் அரைச் சதுர மீட்டர்தான் காப்பான பரப்பு. அலமாரியின் எழுநூறோடு ஒப்பிட்டால் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்த அரைச் சதுர மீட்டரை வைத்துக்கொண்டு உலகம் முழுக்க மீன் பண்ணைகள் ஓடுகின்றன. புரளும்போது சக்கரங்கள் ஒன்றோடொன்று உரசி முதிர்ந்த படலம் கழன்றுவிடும், அடைப்பு என்ற பேச்சே இல்லை. ஓசை கொஞ்சம் உண்டு. படுக்கையறையில் தொட்டி வைத்திருப்பவர்கள் யோசிக்க வேண்டும்.

செராமிக் ரிங், உருக்கி ஒட்டிய கண்ணாடி, நுரைக்கல், எரிமலைக்கல் என்ற வரிசையை நான் ஒரே கூட்டமாகத்தான் பார்க்கிறேன். எல்லாமே அம்மோனியா வேலையைச் செய்யும். அவற்றுக்கிடையே உள்ள வித்தியாசம் விலையில் தெரிகிற அளவுக்கு வேலையில் தெரிவதில்லை. எல்லாவற்றுக்கும் எதிரி ஒன்றே: அழுக்கு. மீன் கழிவும் மிச்சத் தீனியும் மீடியாமேல் படிந்தால், அவற்றைத் தின்னும் பாக்டீரியாக்கள் சில மணி நேரத்திலேயே இரட்டிக்கும். அம்மோனியா தின்பவை இரட்டிக்க ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். வேகமாக வளர்வது மேலே மூடிக்கொண்டு ஆக்சிஜனையும் தின்றுவிடும். எனவே ஸ்பாஞ்சும், நுரையோடு கழிவைப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரும் முன்னால், மீடியா பின்னால். மீடியாவை அலசத் தொட்டியிலிருந்து எடுத்த உப்புத் தண்ணீரே வேண்டும். குழாயின் குளோரின் தண்ணீரில் அலசினால் மாதக்கணக்கில் வளர்ந்த குடியிருப்பு சில நிமிடங்களில் போய்விடும்.

உட்புறத்தில் ஆக்சிஜன் இல்லாமல் நைட்ரேட்டையும் ஒழிக்கும் என்று விற்கும் பெரிய செராமிக் கட்டிகளைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அந்த வினை நடக்க ஆக்சிஜன் இல்லாமை மட்டும் போதாது, கரிமச் சத்தும் உள்ளே போய்ச் சேர வேண்டும். கட்டியின் நடுவுக்கு அது எவ்வளவு போகும் என்பது நீரோட்டத்தையும் தொட்டியையும் பொறுத்தது. சில தொட்டிகளில் நைட்ரேட் இறங்குகிறது, சிலவற்றில் ஓராண்டு ஆனாலும் அசைவதில்லை. அந்தக் காசுக்கு, தொட்டியோடு இணைந்த துணைத் தொட்டியான சம்ப்பில் ஒரு விளக்கு வைத்து, நூல்போல் வளரும் கீடோமார்ஃபா பாசியை வளர்த்து, மாதம் ஒரு கை அள்ளி வெளியே போடலாம். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பாசியோடு சேர்ந்தே வெளியேறுவதைக் கண்ணால் பார்க்கலாம்.

இனி பாறைக்கு வருவோம். இந்த விஷயத்தின் மையம் இதுதான். ஜகார்த்தாவின் லீ சின் எங், மணலும், நுண்ணுயிர்கள் குடியிருக்கும் கடல்பாறையான உயிர்ப்பாறையும், காற்றுக் குமிழ்களும் மட்டும் கொண்டு பவளங்களை வளர்த்ததை 1961இல் அமெரிக்க இதழ் ஒன்றில் எழுதினார். அன்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பின்னாளில் பெர்லின் நகரின் மீன் வளர்ப்பாளர்கள் அதே பாறையோடு ஸ்கிம்மரையும் வலுவான விளக்கையும் சேர்த்தார்கள். பெர்லின் முறை என்று உலகமெங்கும் பரவியது. மொனாக்கோவில் ழான் ழோபேர், ஆழமான மணல் படுக்கையின் கீழ் நீர் நிற்கும் வெற்றிடம் விட்டு நைட்ரேட்டைக் குறைக்கும் முறையை உருவாக்கினார். மூன்றிலும் தனியாக மீடியா என்று எதுவும் கிடையாது. தொட்டியின் தரையும் மலையுமே வடிகட்டி. என் தேர்வும் இதுவே. பவளத் தொட்டிக்கு நல்ல துளைகளுள்ள பாறையும் நீரோட்டமும் போதும்.

ஆனால் எந்தப் பாறை? ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தன. இரண்டு இப்போது நீருக்கடியில் போய்விட்டன. சுண்ணாம்புக்கும் ஆலைகளுக்கும் முருகைக்கல்லைப் பல பத்தாண்டுகள் வெட்டியெடுத்ததை அதற்கு முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள். 1986இல் அந்தத் தீவுப் பகுதி கடல்சார் தேசியப் பூங்கா ஆயிற்று. 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. கரையோரத்திலிருந்து பவளக்கல் கொண்டுவந்து தருகிறேன் என்று யாராவது சொன்னால், அது செத்த கல் என்று சத்தியம் செய்தாலும், வாங்காதீர்கள். சட்டத்துக்குப் பயந்து மட்டும் இதைச் சொல்லவில்லை. அலையைத் தாங்கி ஒரு தீவை நிற்க வைக்கும் கல்லை எடுத்து வந்து அழகு பார்ப்பதற்கு எந்தக் காரணமும் போதாது. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் கோமாளி மீனைத் தொட்டியிலேயே பொரிக்க வைத்துக் காட்டிவிட்டது. மீனுக்கு அது முடியுமென்றால் கல்லுக்கு முடியாதா?

முடியும். வெள்ளை சிமென்ட், நொறுக்கிய கிளிஞ்சல், கல் உப்பு. மூன்றையும் கெட்டியாகப் பிசைந்து, ஈர மணலில் குழி பறித்து வார்த்து, இறுகிய பிறகு நன்னீரில் ஊறப் போட வேண்டும். உப்பு கரைந்து வெளியேறிய இடமெல்லாம் துளைகளாகும். சிமென்ட் முதலில் பி.எச்.சைக் கன்னாபின்னாவென்று ஏற்றும். தண்ணீரை மாற்றி மாற்றி ஒரு மாதம், இரண்டு மாதம் ஊறினால்தான் அடங்கும். அவசரப்படுகிறவர்கள் கடையில் உலர்பாறை வாங்கலாம், ஆனால் அதிலிருந்து பாஸ்பேட் கசியக்கூடும் என்பதால் அதையும் சில வாரங்கள் ஊறவைத்துச் சோதித்த பிறகே தொட்டிக்குள் விட வேண்டும்.

நம் ஊரில் மீடியாவைத் தேர்ந்தெடுக்கும்போது மின்சாரத்தை மறந்துவிடக் கூடாது. 2012இல் தமிழ்நாடு பார்த்த மின்வெட்டையும், 2016 டிசம்பரில் வர்தா புயலுக்குப் பிறகு சென்னையில் நாட்கணக்கில் இருண்டு கிடந்த தெருக்களையும் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மூடிய கேனிஸ்டர் ஃபில்டரில் ஓட்டம் நின்றால், உள்ளே நெருக்கியடித்த நுண்ணுயிர்கள் இருக்கும் ஆக்சிஜனைச் சீக்கிரமே தீர்த்துவிடும். பிறகு அழுகல்தான். ஓர் இரவு நீண்ட மின்தடைக்குப் பின் என் கேனிஸ்டர் தானாக ஓடத் தொடங்கி, உள்ளே நின்றிருந்த முட்டை நாற்றத் தண்ணீரை நேரே தொட்டிக்குள் கொட்டியது. காலையில் எழுந்தபோது நான்கு வருடம் வளர்த்த இரண்டு கோமாளி மீன்களும் மணலில் கிடந்தன. அதற்கு முன் நான் அந்தக் கேனிஸ்டரில் போட்டிருந்தது, கடையிலேயே பெரிய எண் எழுதிய மீடியா. மின்சாரம் வந்ததும் கேனிஸ்டரைக் கழற்றி, பழைய நீரைக் கொட்டிவிட்டுத்தான் மாட்ட வேண்டும் என்பது இப்போது என் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். நீரோட்டத்தில் மணலை மிதக்கவிடும் மிதமணல் வடிகட்டியும் இதே வகை ஆபத்துதான். மின்சாரம் நின்றதும் மணல் அமர்ந்து மூச்சடைக்கும். சொட்டுநீர் வடிகட்டியில் ஈரப் பந்துகள் காற்றிலேயே இருப்பதால் பல மணி நேரம் தாங்கும். பாறைக்கு பேட்டரியில் ஓடும் ஒரு சிறு ஏர் பம்ப் போதும்.

புதிதாக வாங்கிய மீனைத் தனியே வைக்கும் தொட்டியில் மட்டும் எல்லாம் தலைகீழ். அங்கே பாறையும் மணலும் துளைக்கல்லும் கூடாது. நோய்க்குப் போடும் செம்பு மருந்தைச் சுண்ணாம்புக் கற்கள் உறிஞ்சிக்கொள்ளும். அளவு தவறி, மருந்து பயனற்றும் போகும், பின்னால் கசிந்து விஷமும் ஆகும். ஒரு சாதாரண ஸ்பாஞ்ச் போதும். பெரிய தொட்டியின் சம்ப்பில் அதை எப்போதும் போட்டு வைத்திருந்தால், தேவைப்படும் அன்று நுண்ணுயிரோடு தயாராக இருக்கும். மருந்து பட்ட ஸ்பாஞ்சைத் திரும்ப சம்ப்பில் போடக் கூடாது. நன்னீர்த் தொட்டியில் ஊறிய ஸ்பாஞ்சை எடுத்து இங்கே போடுவதிலும் பயனில்லை. உப்பின் திடீர் மாற்றத்தில் அந்த உயிர்கள் செத்துப்போகும், அல்லது செயலற்றுக் கிடக்கும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் அது வேலை செய்கிறதா என்று மீனை விடுவதற்கு முன் நீங்களே பார்த்துவிடலாம். தொட்டியில் அம்மோனியம் குளோரைடு கரைத்து, அம்மோனியா லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரும்படி செய்யுங்கள். இரவும் பகலும் பம்ப் ஓடட்டும். முதல் பத்து நாட்கள் டெஸ்ட் கிட்டில் நிறம் மாறாமலே இருக்கும். பிறகு அம்மோனியா இறங்கும், நைட்ரைட் ஏறும், அதுவும் ஒரு நாள் இறங்கும். கடல்நீரில் இது நன்னீரைவிட மெதுவாக நடக்கும். நான்கு வாரம், ஆறு வாரம், சில சமயம் அதற்கும் மேல். தீர்ந்ததும் மறுபடி 2 மில்லிகிராம் போட்டு மறுநாள் அதே நேரத்தில் சோதியுங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டுமே பூஜ்யம் காட்டினால், முதல் மீனை வாங்கக் கிளம்பலாம்.